ஒலிபெருக்கியை அணைத்த மதியம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பயத்திலிருந்து வந்தது. ஏழு மாதமாக அந்தப் பயம் என் அடிவயிற்றில் குடியிருக்கிறது. எழுதித் தீர்த்துவிட்டால் காலி செய்துகொண்டு போய்விடும் என்று ஒரு நண்பர் சொன்னார். நானும் நம்பி உட்கார்ந்தேன்.

என் பிழைப்பு அறிவியல் காட்சியகங்களுக்கு வாசகம் எழுதுவது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு வரி ஒட்டியிருக்குமே, நீங்கள் படிக்காமலே கடந்துபோவீர்களே, அதை எழுதுகிறவன். அப்படி ஒரு காட்சியகத்தில் மின்னல் அறை என்று ஒன்று. நடுவில் ஒரு தூண், அதன் தலையில் பெரிய பூசணிக்காய் அளவுக்கு உலோக உருண்டை. உள்ளே பட்டை சுற்றச் சுற்ற உருண்டையில் மின்னேற்றம் சேரும். தொடுகிறவர் தலைமுடி குத்திட்டு நிற்கும்.

ஆறு வருஷத்துக்கு முன் அந்த அறைக்கு எச்சரிக்கைப் பலகை எழுதித் தரச் சொன்னார்கள். இவ்வளவு அழகான சுவரில் பலகையை அடித்து ஏன் கெடுக்க வேண்டும், குரலாகப் பதிவு செய்து ஓடவிடலாமே என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோனது. "இதயத்திலோ காதிலோ கருவி பொருத்தியிருப்பவர்கள் உருண்டையைத் தொட வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல குரலில் பதிவானது.

(கெட்டிக்கார வாசகருக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும்: காது கேளாதவருக்குக் காது வழியாக எச்சரிக்கையா? அது என் முட்டாள்தனம்தான். ஆனால் அவசரப்படாதீர்கள், நடந்தது அதைவிட மோசம்.)

2

தொடக்கம் ஒன்று: அன்று வானம் மேகமூட்டமாக—

வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தொடக்கம் இரண்டு: எத்தனையோ குழந்தைகள் அறிவியலின் வாசற்படியைக்கூட மிதிக்காமல்—

இது ஆண்டறிக்கை. பொன்னாடை போர்த்தத்தான் லாயக்கு.

தொடக்கம் மூன்று: மின்னலக்கா காலையிலிருந்தே உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இது நிற்கும். ஏனென்றால் இது உண்மை.

மின்னலக்கா அந்த அறையின் விளக்குநர். பதினோரு வருஷமாக உருண்டைக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பேசி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. போன வருஷம்தான் மேலிடத்துக்கு ஞானோதயம் வந்தது: ஊரில் பாதிப் பேர் இந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்பதற்காக மின்னலக்காவை ஒரு பெட்டி நிறையக் காந்தமும் லென்சுமாகக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். அவள் சலிக்காமல் போனாள். அப்படித்தான் தையல்காரர் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சிட்டுவின் அம்மாவைச் சந்தித்தாள்.

சிட்டுவுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் அறுவை செய்து ஒரு கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் கொக்கி மாதிரி ஒன்று, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் சட்டைப் பொத்தான் அளவு வட்டம். அது காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். தோலுக்கு அடியில், எலும்போடு, அதன் ஜோடி இருக்கிறது. கருவி இருந்தால் கேட்கும். இல்லையென்றால் சுத்தமாகக் கேட்காது. பள்ளியில் சைகையும் உண்டு, பேச்சும் உண்டு.

"காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னே ஒரு மதியம் வெச்சிருக்கோம்மா. அவசியம் வாங்க" என்றாள் மின்னலக்கா.

"அங்கல்லாம் எங்கள உள்ள விடுவாங்களா மேடம்?"

"உங்களுக்காகத்தாம்மா வெச்சிருக்கோம்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் விரலில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "கரண்ட் சமாச்சாரம் கிட்ட இவள விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அங்க அந்த மாதிரி ஏதாவது இருக்குமா?"

மின்னலக்கா சிரித்தாள். "இது வீட்டுல இருக்குற கரண்ட் இல்லம்மா. வேற மாதிரி. ஒண்ணும் பண்ணாது. நான் பொறுப்பு."

வகுப்பறையில் சொன்னால் முழு மதிப்பெண் கிடைக்கும் பதில்.

3

அந்த மதியத்துக்காக ஐந்து கூட்டம் போட்டார்கள். சாய்தளம், சைகை மொழிபெயர்ப்பாளர், தெளிவான வெளிச்சம், கழிப்பறைக்குப் படக்குறி என்று எதையும் விட்டுவைக்கவில்லை.* கடைசிக் கூட்டத்தில் மின்னலக்காவே ஒன்று சொன்னாள்: கருவி போட்ட குழந்தைகளுக்கு எதிரொலி ரொம்பத் தொந்தரவு, பதிவுக்குரலை நிறுத்திவிடலாம், நானே பேசுகிறேன், மொழிபெயர்ப்பாளர் சைகையில் சொல்லட்டும். எவ்வளவு அக்கறை என்று பாராட்டினார்கள். அக்கறைதான், அதில் சந்தேகமே இல்லை. அவளே காகிதத்தில் "இன்று அணைத்தே இருக்கட்டும்" என்று எழுதி ஒலிபெருக்கி விசையின் மேல் ஒட்டினாள்.

* ஐந்து கூட்டத்திலும் கட்டட வரைவாளர் இருந்தார், ஆசிரியர்கள் இருந்தார்கள், நான்கூட ஒன்றில் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தாயைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாற்பது குழந்தைகள் வந்தார்கள். சத்தமில்லாத கூச்சல் ஒன்று உண்டு என்று அன்றுதான் பார்த்தேன். எண்பது கைகள் ஒரே நேரத்தில் பேசின. அம்மாக்கள் மட்டும் சுவரோரம் பையை மடியில் அணைத்துக்கொண்டு, எதையும் தொட்டுவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்தார்கள்.

மின்னலக்கா வெளுத்து வாங்கினாள். பட்டையைக் காட்டினாள், பலூனைத் தேய்த்தாள், இடி எப்படிப் பிறக்கிறது என்றாள். "யார் வர்றீங்க?" என்றதும் சிட்டு முதல் ஆளாக ஓடிவந்து மர முக்காலியில் ஏறினாள். உருண்டையில் கை வைத்தாள். அவள் முடி ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. மற்றக் குழந்தைகள் எல்லோரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். சிட்டு கண்கள் இடுங்கச் சிரித்தாள். சுவரோரம் அவள் அம்மாவும் எழுந்து நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு, விரல்களை ஆட்டினாள்.

இந்தப் பத்தியை இங்கேயே நிறுத்திவிட எனக்கு அவ்வளவு ஆசை.

சிட்டு இறங்கும்போது தோள் கைப்பிடிக் கம்பியில் உரசியது. பட்டென்று ஒரு நீலப் பொறி. அவள் கை காதுக்குப் போனது. பொத்தானைத் தலையிலிருந்து பிடுங்கி, உதறி, மறுபடி ஒட்டினாள். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சைகை காட்டினாள்.

"உள்ள டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சாம்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

சிட்டு அதற்குள் அடுத்த கூடத்துக்கு ஓடிவிட்டாள்.

4

மின்னலக்கா உருண்டையை நிறுத்த விசைப்பலகைக்குப் போனாள். அங்கே அவள் கையெழுத்து அவளைப் பார்த்தது. இன்று அணைத்தே இருக்கட்டும்.

ஆறு வருஷமாக அந்தக் குரல் ஒரு நாளைக்கு நாலு முறை ஓடியது. கேட்டுக் கேட்டு அவள் காதுக்கே அது விழாமல் போய்விட்டது. குரல் என்ன சொல்லும் என்று இப்போது நினைவில் ஓட்டிப் பார்த்தாள். வணக்கம். வரிசையில் நில்லுங்கள். ஈரக்கையால் தொடாதீர்கள். இதயத்திலோ—

குழந்தைகளின் காது நோகக் கூடாது என்று எதை நிறுத்தினாளோ, அதற்குள்தான் அவர்களைக் காப்பாற்ற வேண்டிய ஒரே வாக்கியம் இருந்தது. அதைத் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிப் பழக்கமே இல்லை. குரல்தானே சொல்லும்.

அடுத்த குழந்தை முக்காலியில் ஒரு கால் வைத்திருந்தது. அதன் காதிலும் ஒரு கொக்கி. பாய்ந்து போய் அந்தக் குழந்தையை அப்படியே தூக்கி இறக்கினாள். இயந்திரம் பழுது என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாள். அது பொய்.

5

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. பொறியைப் பார்த்தவர்கள் வேடிக்கை என்று நினைத்தார்கள். குழந்தைக்கு நாளைக்குக் கேட்கவில்லை என்றால் கருவி பழசு என்பார்கள். பதினோரு வருஷ வேலை. வாயை மூடிக்கொண்டு எல்லோருக்கும் பழரசம் கொடுத்து அனுப்பினால் முடிந்தது.

முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். "அவள் எதுவும் சொல்லவில்லை. வாசலில் நின்று கையசைத்தாள்." எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் இலேசானது. அந்த இலேசுதான் காட்டிக்கொடுத்தது. ஊமையாக நின்றுவிடக்கூடிய ஆள் நான். என் குணத்தை அவள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

அடித்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

அவள் நேராக அந்த அம்மாவிடம் போனாள்.

"அம்மா, ஒரு நிமிஷம் வாங்க. ஒரு தப்பு நடந்துபோச்சு."

அந்த அம்மா முகம் வெளுத்தது. "அவ எதையாவது உடைச்சிட்டாளா மேடம்?"

6

மின்னலக்கா சொல்லி முடித்தாள். மழுப்பவில்லை. அந்த அம்மா கத்தவும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அந்த இடத்தில் சத்தம் போடக் கூடாது என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி.

"பிளாஸ்டிக் சறுக்குமரத்துலகூட கழட்டி வெச்சிட்டுத்தான் மேடம் விடுவேன். உரசினா பொறி வரும்னு எனக்குத் தெரியும். நைலான் துணி தைக்குற அன்னிக்கு, வீட்டுக்குப் போய் துணி மாத்திட்டுத்தான் அவகிட்டயே போவேன்." நிறுத்தினாள். "நான் அன்னிக்கே உங்களக் கேட்டேன். நீங்க வேற கரண்ட்டுன்னீங்க."

"கேட்டீங்க."

"படிச்சவங்க சொல்றீங்களேன்னு விட்டுட்டேன்."

அந்தக் கட்டடத்திலேயே அந்த மின்சாரத்தைப் பற்றி உருப்படியாகத் தெரிந்தவள் சுவரோரம் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத்தான் நாங்கள் அறிவியலுக்கு வரவேற்றோம்.

அடுத்த கூடத்து வாசலுக்கு இருவரும் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். சிட்டு மணல் ஊசலுக்கு முன்னால், முதுகைக் காட்டி நின்றாள். ஊசல் மணலில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அதில் அவள் சொக்கிப்போயிருந்தாள்.

"கருவியில பச்சை விளக்கு எரியுதும்மா" என்றாள் மின்னலக்கா. அவள் குரலில் கெஞ்சல் இருந்தது.

"அது வெளிய இருக்குறதுக்கு. உள்ள இருக்குறதுக்கு விளக்கு கிடையாது. கூப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"கூப்பிடுங்கம்மா."

"முடியாது."

"அம்மா..."

"நான் கூப்பிட்டு அவ திரும்பலேன்னா? என் குரலுக்கு அவ திரும்பாம நின்னத மூணு வருஷம் பாத்திருக்கேன் மேடம். இன்னொரு தரம் என்னால முடியாது. கேக்குதுன்னே இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துட்டுப் போறேனே."

மின்னலக்கா தானே கூப்பிட வாயைத் திறந்தாள். பதினோரு வருஷம் பேசிய தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை.

7

முடிவுகள்.

அ) சிட்டு சட்டென்று திரும்பி "என்னம்மா?" என்றாள். (இதைப் பதினோரு விதமாக எழுதியிருக்கிறேன். ஒன்றில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். வெட்கக்கேடு.)

ஆ) சிட்டு திரும்ப—

இதை ஒரு தடவைதான் எழுத முயன்றேன்.

பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்று பிற்பாடு ஒரு மருத்துவர் சொன்னார். இந்தக் காலத்துக் கருவிகள் தாங்குமாம். சில சமயம் வெளிக்கருவியின் அமைப்பு குழம்பும், சரிசெய்துவிடலாம். எப்போதாவது உள்ளே இருப்பது போய்விடும், மண்டையை மறுபடி திறக்க வேண்டும். பெரும்பாலும் என்ற சொல்லை நான் தொழிலில் தாராளமாகப் புழங்கியிருக்கிறேன். ஒன்பது வயதுக் குழந்தையின் தலைக்குள் அதை வைத்துப் பார்த்தது இல்லை.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன்.

அன்று மின்னல் அறையில், காட்சி தொடங்கியதுமே, குரல் வரவில்லை என்பதை நான் கவனித்தேன். மின்னலக்காவுக்கு முன்னால், உருண்டையை ஒரு விரலும் தொடுவதற்கு முன்னால். என் வரிகள் ஆயிற்றே, காது அவற்றுக்காகத்தான் காத்திருந்தது. வராதபோது எனக்கு முகம் சுண்டியது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்திவிட்டார்களே என்று. சிட்டு முக்காலியில் ஏறும்போது நான் பின்வரிசையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வரிகள் என்ன சொல்லின என்று, எழுதிய எனக்கே, ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

8

அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். வாசலில் இருந்த ஒரே அந்நியன் நான்.

"சார், நீங்க கூப்பிடுங்களேன். உங்களுக்கு அவ யாரோதானே. உங்களால முடியும்."

நான் வாயைத் திறந்து

வெளியே வந்துவிட்டேன். பின்வாசல் வழியாக, வாகனம் நிறுத்துமிடம் தாண்டி, தெருவுக்கு. பின்னால் யாராவது கூப்பிடும் சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்து வேகமாக நடந்தேன், கேட்காமலே போய்விடுமோ என்றும் பயம். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. மின்னலக்கா இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தாள், எடுக்கவில்லை. முடிவை வாசகரிடம் விடுவது ஓர் உத்தி என்று மேடையில் பேசியிருக்கிறேன். இங்கே உத்தி ஒன்றும் இல்லை. எனக்கு முடிவு தெரியாது, தெரிந்துகொள்ளத் துணிச்சலும் இல்லை.

அதனால், நீங்கள் வாருங்கள். வாசலில் என் இடம் காலியாக இருக்கிறது. ஆறு காலடி தள்ளி அவள் முதுகைக் காட்டி நிற்கிறாள். ஊசல் இன்னும் ஆடுகிறது. தரையை உதைத்து அதிரவைக்காதீர்கள், தோளைத் தொடாதீர்கள், அவள் கண்ணில் படும்படி கையை ஆட்டாதீர்கள். குரல் மட்டும்தான். அவள் பெயர் சிட்டு. அம்மா உங்களைத்தான் பார்க்கிறாள். கூப்பிடுங்கள்.