சொல்லாமல் அணைக்கக் கூடாது

கண்ணாடிக் கதவிலிருந்து கம்பெனியின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பசை மட்டும் போகவில்லை. வெயில் சாய்ந்து விழும்போது அந்தத் தடத்தில் பழைய பெயரைப் படிக்க முடிந்தது.

அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து பதினொரு வருடம் வளர்த்த கம்பெனி. கிளை அலுவலகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ரவுட்டர்கள் செய்தார்கள். போன மாதம் அது பெரிய கம்பெனியின் கைக்குப் போனது. கையெழுத்துப் போட்டது தங்கை மட்டும்தான். விற்கும் பேச்சு முதலில் எழுந்தபோதே அண்ணன் தன் பங்கை அவளுக்கு எழுதிக் கொடுத்து, மேசையை ஒழித்துவிட்டுப் போய்விட்டான். மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

மதியம் புதுக் கம்பெனியின் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் பெண் மடிக்கணினியோடு வந்தாள்.

"மேடம், வெளியிலேர்ந்து உள்ள வர்ற லைன் நாப்பத்தொண்ணு. நாப்பதுக்கு ஆள் தெரிஞ்சிடுச்சு. இது மட்டும் ஏதோ வீட்லேர்ந்து வருது."

"பழைய டெஸ்ட் லைன்."

"நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இருக்கியா'ன்னு கேக்குது. நம்ம பெட்டி 'இருக்கேன்'ங்குது. வேற வேலையே இல்ல ரெண்டுக்கும். பாத்தா பாவமா இருக்கு." சிரித்தாள். "ஆனா அஞ்சு மணிக்குள்ள எடுத்தாகணும். நான் எடுக்கட்டுமா?"

"வேண்டாம். நானே எடுக்கறேன்."

அவர்கள் முதன்முதலில் செய்த இரண்டு பெட்டிகள் அவை. ஒன்று இந்த அலுவலக அலமாரியில், இன்னொன்று அண்ணன் வீட்டில். மூன்று முறை கேள்வியோ பதிலோ வராவிட்டால், காத்திருக்கும் பக்கத்தில் மணி அடிக்கும். வேண்டுமென்றே அணைப்பதானால் முதலில் போன் செய்து வாயால் சொல்லிவிட வேண்டும். அண்ணன் போட்ட சட்டம் அது. ஒருமுறை அவள் ஒயர் மாற்றுவதற்காகச் சொல்லாமல் பிடுங்கிவிட்டாள். அண்ணன் இரண்டு பஸ் மாறி, சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "மணி அடிச்சா நான் வந்து நிப்பேன், வாலு. அதனால சொல்லாம அணைக்காதே."

அவன் போன பிறகு இந்தப் பக்கத்து மணியை அவள்தான் கழற்றிப் போட்டாள். அந்தப் பக்கத்துப் பெட்டி ஏதோ பீரோவுக்குப் பின்னால் மறந்து கிடக்கிறது என்றே நினைத்திருந்தாள்.

லைனை எடுக்குமுன் பழைய பதிவுகளைப் புரட்டினாள். போன வருடம் ஒரு நாள், காலை ஒன்பதரை முதல் ஐந்து மணி நேரம் கேள்வியே வரவில்லை. பிறகு வேறொரு முகவரியிலிருந்து வந்திருக்கிறது. அண்ணன் வீடு மாறிய நாள் அது, அம்மா சொல்லியிருந்தாள். புது வீட்டில் அந்தப் பெட்டி தானாகப் பேசாது. யாராவது உட்கார்ந்து கட்டளைகளை வரி வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

அன்று காலை அண்ணன் போன் செய்ததும் அவளுக்கு நினைவிருந்தது. மறுபடி சண்டைக்கு இழுக்கிறான் என்று, அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்ல வந்தது என்ன என்று இப்போது தெரிந்தது.

நாலேமுக்காலுக்குப் போன் செய்தாள். அண்ணி எடுத்தாள்.

"உன் பேரைப் பாத்ததும் போன்தான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்."

"அண்ணன் இருக்கானா அண்ணி?"

"இருக்கார். எங்க போகப் போறார். இரு."

செருப்பு இழுபடும் சத்தம். பிறகு, "ம்."

"அண்ணா, லைனை அணைக்கப் போறேன்."



"எத்தனை நேரத்துக்கு?"

எப்போதும் கேட்கிற கேள்விதான். "இல்லண்ணா. இனிமே வராது."

"கதவுல பேரை எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க. பசை போகல."

"நான் வாங்கின பசை. லேசுல போகாது."

"நீ வீடு மாத்தின அன்னிக்கு போன் பண்ணினே. நான் எடுக்கல."

"சொல்லாம அணைக்கக் கூடாதில்ல. அதான் பண்ணினேன்."

அவள் திரையில் அந்த லைனுக்கான வரியை அழித்தாள். ஒரு நிமிடம் போயிற்று. அங்கே அண்ணி பாத்திரம் தேய்ப்பது கேட்டது. இரண்டாவது நிமிடத்தில் அதுவும் நின்றது. மூன்றாவதில் மணி அடித்தது. சைக்கிள் மணி மாதிரி, அதே பழைய மணி. அவன் உடனே நிறுத்தவில்லை.

"அடிச்சிடுச்சு," என்றான் கடைசியில்.

"கேட்டுச்சு."

பாதுகாப்புப் பெண் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினாள். இவள் முடிந்தது என்று தலையசைத்தாள். போனைக் கீழே வைக்கவில்லை.

"இந்த வீட்லேர்ந்து மூணு பஸ் மாறணும்," என்றான் அண்ணன்.

மறுபடி செருப்புச் சத்தம் கேட்டது. புறப்படுகிறானா, வீட்டுக்குள்ளேயே நடக்கிறானா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவள் போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.