ஜன்னலோர மூலை

புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டில் வெளிச்சம் தாராளமாக விழும் இடம் ஒன்றே ஒன்றுதான்: ஹாலில் ஜன்னலோர மூலை. தீபாவளிக்குத் தைக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. மெஷினை அங்கே போடலாம் என்று நான் கெஞ்சிக்கொண்டிருக்க, என் கணவர் நிவேந்திரன் அதே மூலையில் கருப்பாக, டும்மென்று அதிரும் ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியைக் குந்தவைத்துவிட்டார். நான் சமையலறையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொக்கி தைத்தேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

“சோபாவுக்குப் பின்னால வைங்களேன்.”

“முடியாதுலா நளினி. டிவி முன்னால, டும்முங்கற சத்தம் மட்டும் பின்னாலயா? என் காது உடனே கண்டுபிடிச்சிரும்.”

அன்று வீட்டுக்கு வந்திருந்த, கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் அவருடைய நண்பர் காந்தன் அண்ணன் சிரித்தார். “அதையும் பார்த்துருவோம்டா. கண்டுபிடிச்சா பெட்டி அங்கயே இருக்கட்டும். இல்லன்னா மூலை தங்கச்சிக்கு.”

என் கணவரை வெளியே நிறுத்திவிட்டு, பெட்டியைச் சோபாவுக்குப் பின்னால் மாற்றினோம். லைனிங் துணியால் அவர் கண்ணை நானே கட்டினேன், கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கி. சோபாவில் உட்காரவைத்ததும் காந்தன் அண்ணன் உருமி மேளப் பாட்டைப் போட்டார். தரை அதிர்ந்தது. என் கணவர் யோசிக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் விரலை நீட்டினார்.

“பெட்டிய நகர்த்தவே இல்ல நீங்க! அங்கதான் இருக்கு!”

கட்டை அவிழ்த்தேன். ஜன்னல் விளிம்பில் நான் மறந்து வைத்த பொத்தான் டின்தான் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“டின் ஏமாத்திருச்சு! செல்லாது!”

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். இவருக்கு டின் கோணல். சரி என்று டின்னை எடுத்துவிட்டு, மறுபடி வெளியே அனுப்பி, மறுபடி கட்டினோம். பெட்டியை அசைக்கவே இல்லை. மனிதர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, கடைசியில் ஐஸ்பெட்டியைக் காட்டினார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

“கீச்சுனு கேட்டா காது திசைய பிடிச்சிரும்,” என்றார் காந்தன் அண்ணன். “இந்த டும்முக்கு ஏதுடா திசை? வீடு முழுக்க நெறஞ்சிரும்.”

தோற்றவரே மெஷினைத் தூக்கி வந்து மூலையில் வைத்தார். ஊசியில் நூல் ஒரே தடவையில் ஏறியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

தீபாவளியன்று லூபோக் சீனா ஊரிலிருந்து என் முனியாயி அத்தை வந்திருந்தார். உருமி அதிர, ஹால் முழுவதும் கண்ணை ஓட்டினார்.

“எங்கருந்து மாப்பிள்ள வருது இவ்வளவு சத்தம்?”

இவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் என் தையல் மெஷினைக் காட்டினார். அத்தை எழுந்து போய் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“ஆமா, அதிருதே! நல்ல சாமான்தான் வாங்கியிருக்கீங்க.”