தனசேகர் பெயர் போட்ட வாக்கியங்கள்

“சரி, கோலிக்குண்டத் தொலச்சவன்னா?”

“அதுவும் பைத்தியந்தாண்ணா.”

“அதுவுமா? ஏங்கண்ணு, வெள்ளக்காரனுக்கு வேற சோலியே இல்லியா?”

தனசேகர் சத்தம்போட்டுச் சிரித்தான். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அடுப்படியிலிருந்து மயிலம்மாள் கரண்டியும் கையுமாக எட்டி மகனைப் பார்த்துவிட்டுப் போனாள்.

தங்கை மோகனப்பிரியா நாளைக்குக் கல்லூரியில் ஆங்கில மரபுத்தொடர்கள் பற்றிப் பேச வேண்டும். ஆளுக்கொரு தலைப்பு என்று சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்தது பைத்தியமும் தெளிவும். தொடர்களை மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். மணிக்கூண்டில் வௌவால் குடியிருப்பவன். சீட்டுக்கட்டில் சீட்டுக் குறைந்தவன். திருகாணி கழன்றவன்.

“இது நம்மூருச் சரக்கு. மற கழண்டவன். வண்டில என்னயவே சொன்னாங்களே!”

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏழு வருஷம் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன் அவன். மாசியில் சத்தீஸ்கரில், அறுநூறு அடி இறங்கிய குழிக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி இயந்திரத்தை நிறுத்திவிட்டான். குழாயில் காதை வைத்தவன் அன்று முழுக்க எழவில்லை. கூட இருந்தவர்கள் ரயிலேற்றிக் கூட்டிவந்தார்கள். சேலத்து டாக்டரின் மாத்திரையில் குரல் நின்றது; இனி வேலைக்குப் போகலாம் என்று அவரே சீட்டும் எழுதிக் கொடுத்தார். ஆனால் வண்டி ஓனர் வேல்முருகனுக்கு அது போதவில்லை. “வியாழக்கெழம வண்டி கெளம்புது. நீ தெளிஞ்சுட்டீன்னு ஊட்டுல ஒருத்தரு எங்கிட்டச் சொல்லட்டும். அம்மா வேண்டாம், பெத்த வாய் அப்படித்தான் சொல்லும். படிக்கற புள்ளயப் பேசச் சொல்லு” என்றிருந்தார்.

அரைத்த மாவை மில்லிலிருந்து வாங்கிவர மயிலம்மாள் மகளை அனுப்பினாள். அவள் நோட்டை மூடிவைத்துவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்தபோது அது அண்ணன் மடியில் விரிந்து கிடந்தது.

ஒவ்வொரு தொடருக்கும் தெரிந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த வாழ்க்கையில் அதற்கெல்லாம் பொருந்த ஒரே ஆள்தான் இருந்தான். தனசேகருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனாலும் தன் பெயரும் சத்தீஸ்கரும் எந்த எழுத்தில் இருந்தால் என்ன, தெரியாமலா போகும்?

“பதினோரு எடத்துல இருக்கறன்” என்றான். கோபமில்லை. குழிக்குள் இறங்கிய ராடுகளை எண்ணிச் சொல்கிறவன் குரல்.

“நாளைக்கு வேற பேரு போட்டுத்தாண்ணா படிப்பேன்...”

“உடு. நடந்ததத்தான எழுதியிருக்கற.” கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். “இதென்ன? இதுக்குக் கீழ ஒண்ணையுங் காணமே?”

“ரெண்டு காலையும் தரையில ஊனி நிக்கறவன். தெளிவானவன்னு அர்த்தம்.”

காலியாக இருந்த அந்தக் கோட்டில் அவன் பெயரைத்தான் பென்சிலால் முதலில் எழுதினாள். நேற்றுக் குழாயடியில் அவன் குனிந்து, குழாயில் காதை வைத்து நின்றதைப் பார்த்த பிறகு அழித்துவிட்டாள். தண்ணீர் வரும் சத்தம் கேட்கிறதா என்று ஊரே அப்படிக் காது வைப்பதுதான். அவனும் அதைத்தான் கேட்டானா?

அழித்த தடத்தை அவன் விரல் தடவிக்கொண்டிருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஓனர் நம்பரைத் தேடி, அவளிடம் நீட்டினான். மாவுத் தூக்கை இறக்கி வைக்காமல் நின்றாள் அவள்.

“எனக்காவ இந்த ஒரு வாக்கியத்த மட்டும் அவருகிட்டச் சொல்லு கண்ணு.”