திரையில் முளைத்த இரண்டு விரல்கள்

ஈர பெட்ஷீட்டை உதற இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரே மூச்சில் மேலே தூக்கி, ஒரே மூச்சில் கீழே அடிக்க வேண்டும். ஒருத்தி முந்தினாலும் துணி முறுக்கிக்கொள்ளும். எனக்கு ஜோடி வெடி. அவள் சிரித்தால் துணியை அழுத்தித் தேய்க்கும் ரோலரின் சத்தத்தையும் மீறிக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் லாண்டரி எங்களுடையது. எங்களுடையது என்றால் எங்கள் முதுகெலும்பு அங்கே தேய்கிறது என்று பொருள். முதலாளி வேறு ஆள்.

புதிதாக வரப்போகும் ஓட்டல்காரர்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு வீடியோ வேண்டும் என்று மேனேஜர் ஆள் தேடினார். என் வீட்டுக்காரரின் தம்பிக்கு வீடியோதான் பிழைப்பு. நான்தான் அவன் பேச்சை எடுத்தேன். வந்தவன் கொதிகலன், சோப்புத் தொட்டி, ரோலர் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே போனான். நாங்கள் இருவரும் உதறுகிற இடத்துக்கு வந்ததும் கால் நகரவில்லை.

“அண்ணி, இதை ஸ்லோ மோஷன்ல போட்டா மத்ததையெல்லாம் ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவன் அறையிலிருந்து கூப்பிட்டான். அறை என்று பெயர்தான். பாதி இடத்தை எங்கள் பீரோ அடைத்துக்கொண்டிருக்கும், மீதியில் அவனும் அவன் கம்ப்யூட்டரும்.

“கண்ணைத் துடைச்சுட்டு வாங்க. இல்லேன்னா நான் எடுத்ததைப் பார்த்து அழுதீங்கன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்.”

திரையில் பெட்ஷீட் எழுந்தது. எத்தனை ஆயிரம் உதறியிருப்பேன், ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. கைக்குத் தெரியும் பாரம் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. துணியின் நடுவில் ஒரு மேடு கிளம்பி, ஓரத்தை நோக்கி ஊர்ந்து, அங்கே வெடித்துத் துளிகளாகச் சிதறியது. ஒவ்வொரு துளியும் போவதா வேண்டாமா என்று யோசித்துப் போனது. பிறகு துணியின் ஓரத்தில் என் இடது கை வந்தது.

“நிறுத்து,” என்றேன்.

“என்னாச்சு?”

“அது யாரு கை?”

“உங்க கைதான். வேற யாரு அங்க நின்னா?”

இடது கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். என்னிடம் மூன்று விரல். திரையில் ஐந்து. அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டான். அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே. மோதிரச் செலவு மிச்சம்னு இத்தனை வருஷமா சந்தோஷமா இருக்கார்.”

சிரிப்பு அடங்கியதும் எப்படி இது நடந்தது என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

“கேமராவுல வேகத்தை ஏத்த மறந்துட்டேன் அண்ணி. சாதாரண வேகத்துல எடுத்துட்டேன். அதை நீட்டினா படம் பத்தாது, திக்கித் திக்கி ஓடும். அதனால ஒரு பிளக்-இன் போட்டேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல என்ன நடந்திருக்கும்னு அதுவா ஊகிச்சு, இல்லாத படத்தையெல்லாம் வரைஞ்சு சொருகிடும். அப்புறம் வெண்ணெய் மாதிரி ஓடும்.”

ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினான். முதல் படத்தில் என் கைக்குப் பின்னால் துணியில் இரண்டு மடிப்பு. அடுத்ததில் மடிப்புகள் உள்ளங்கையோடு ஒட்டின. அதற்கடுத்ததில் தோல் நிறம் ஏறி, விரலாக நீண்டுவிட்டன. நகம் மட்டும் இல்லை.

அந்த விரல்கள் போனது ரோலரில். துணி சிக்கியிருக்கிறது, நிறுத்துங்கள் என்று கத்தினேன். லாரி நிற்கிறது, ஓட்டத்திலேயே உருவு என்றார் மேனேஜர். உருவினேன். துணி வந்துவிட்டது. மறுமாதம் திரும்பி வந்தபோது என்னை ரோலரிலிருந்து உதறுகிற இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மூன்று விரலால் ஈரத்துணியைப் பிடிக்க நானேதான் பழகிக்கொண்டேன். எந்தப் பிளக்-இன்னும் வந்து சொல்லித் தரவில்லை.

“இதை மாத்து,” என்றேன்.

“மாத்தணும்னா திரும்ப எடுக்கணும். ஏன்னு மேனேஜர் கேட்பார். மறந்துட்டேன்னு சொன்னா அடுத்த வேலை தருவாரா?”

“உன் மறதியை மூடி மறைக்க எனக்கு விரல் முளைக்கணுமா?”

அவன் பதில் சொல்லுமுன் வாசலில் வண்டி வந்து நின்றது. மேனேஜர்தான். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டோம். பெட்ஷீட் எழுந்து, வளைந்து, இறங்கியது. மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“பிரமாதம்யா! இது போதும்.”

“சார், அண்ணி கையில ஒரு தப்பு வந்திருக்கு,” என்றான் கொழுந்தன்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

“இது தப்பா? இதுதான் சரி. அப்படியே விடு. உனக்கும் நல்லதுதானேம்மா? முழுசாத் தெரியுறே.”

“முழுசா இருந்தப்ப என்னை யாரும் படம் எடுக்கலையே சார்.”

“பார்க்குறவங்க என்ன ஏதுன்னு கேட்பாங்க. எதுக்கு வம்பு?”

“கேட்டா சொல்லிட்டுப் போறேன்.”

“ரெண்டு விரலுக்கா இவ்வளவு பேச்சு?”

“உங்களுக்கு அது வெறும் ரெண்டு. எனக்கு அஞ்சுல ரெண்டு.”

அவர் என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார். “தம்பி, அண்ணி பேச்சைக் கேட்டா உன் பொழப்பு நடக்காது. நான் சொல்றதைச் செய்.”

கொழுந்தன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வாதாடி அலுத்துவிட்டது. அவன் திரும்பி உட்கார்ந்து, இரண்டு மூன்று முறை எதையோ தட்டினான். பெட்ஷீட் மறுபடி எழுந்தது. இந்த முறை நின்று, எகிறி, நின்று, எகிறிப் போனது. என் கை மூன்று விரலோடு திக்கித் திக்கி வந்தது.

“என்னய்யா இது, நொண்டுது!”

“நான் எடுத்தது இதுதான் சார். வேகத்தை ஏத்த மறந்துட்டேன், என் தப்பு. நடுவுல இருந்ததெல்லாம் மெஷின் வரைஞ்சது. நாளைக்குத் திரும்ப எடுத்துடறேன். சரியான வேகத்துல எடுத்தா எந்த ஊகமும் வேண்டாம்.”

“ஒண்ணும் வேண்டாம். முன்னாடி போட்டதைக் குடு.”

“அழிச்சுட்டேன் சார்.”

“எப்ப?”

“இப்பதான்.”

மேனேஜர் எழுந்தார்.

“இதோட உனக்கும் எங்களுக்கும் முடிஞ்சது. நாளைக்கு வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ. ஆனா இந்தம்மா வேண்டாம். வேற ஜோடியை நிறுத்து.”

“தாராளமா நிறுத்துங்க சார்,” என்றேன். “நிக்கிறாங்களான்னு பார்ப்போம்.”

அவர் போனதும் வெடிக்குப் போன் செய்தேன். வெடியிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும், மற்றவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் மேனேஜர் ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டார். ஒருத்திக்கு இடுப்புப் பிடிப்பு. இன்னொருத்திக்குத் தோள்பட்டை தூக்க வரவில்லை. போன வாரம் முழுக்கக் கேமராவுக்கு முன்னால் தலை வாரிக்கொண்டு நின்றவள், தனக்குக் கேமரா என்றாலே கூச்சம் என்றாள். மேனேஜர் கத்திப் பார்த்தார். எல்லோரும் தலை குனிந்து மடித்த துணியையே திரும்ப மடித்தார்கள். ஓட்டல்காரர்கள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் என் பக்கம் பார்க்காமலே கொழுந்தனிடம் சொன்னார்.

“எடுத்துத் தொலைங்க. கையுறை மட்டும் போட்டுக்கச் சொல்லு.”

“உறை போட்டா ஈரத்துணி வழுக்கும் சார்,” என்றேன்.

அவர் தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து பார்க்கத்தான் செய்தார்.

நானும் வெடியும் இடம் மாறி நின்றோம், என் இடது கை கேமரா பக்கம் வருகிற மாதிரி. கொழுந்தன் வேகத்தை ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டு எண்ணைக் காட்டினான். வாசித்துப் பார்த்துத் தலையாட்டினேன்.

“அடியே,” என்றாள் வெடி, “கையில ரெண்டு குறைஞ்சாலும் வாயில ரெண்டு கூடத்தான் உனக்கு.”

தொட்டியிலிருந்து துணியை எடுத்தோம். முனையை மூன்று விரலுக்குள் சுற்றி இறுக்கினேன். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கொழுந்தன் நாலடி தள்ளி ஸ்டாண்டை ஊன்றிக்கொண்டிருந்தான்.

“அங்க ஏன் நிக்கிற?” என்றேன். “கிட்ட வா. இன்னும் கிட்ட.”