பொய்க்கு முன்னாலா, பின்னாலா

எங்கள் ஊரில் இரண்டு மலைகள் உண்டு. ஒன்று உயரமாக, உச்சியில் கொண்டையோடு விறைப்பாக நிற்கும். அதன் பெயர் ஆமை மலை. இன்னொன்று குட்டையாக, முதுகு வளைந்து படுத்துக் கிடக்கும். அதன் பெயர் சேவல் மலை. வெளியூர்க்காரர்கள் பலகையைப் பார்ப்பார்கள், மலையைப் பார்ப்பார்கள், கழுத்தைச் சாய்த்து மறுபடியும் பார்ப்பார்கள். வழிகாட்டிப் பெண்கள் கொஞ்சமும் கூசாமல், அதோ அலகு தெரியுதா பாருங்க என்பார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தெரிந்தும் விடும்.

ஜப்பான்காரன் சீனாவுக்குள் எங்கள் பக்கம் படையோடு வந்த வருடம், டிராகன் படகுத் திருநாளன்று, ஊர் கூடி இரண்டு மலைகளின் பெயரையும் மாற்றிப் போட்டுக்கொண்டது. சேவல் மலை எங்கே என்று கேட்டு வருகிறவனுக்கு ஆமையைக் காட்ட வேண்டும். சின்னப் பிள்ளை வாய் தவறி உண்மையைச் சொன்னால் தொடையில் ஒரு கிள்ளு. பீரங்கியோடு வந்தவர்கள் தப்பான மலையில் மூன்று நாள் உட்கார்ந்து கொசுவுக்கு ரத்தம் கொடுத்தார்கள். சண்டை ஓய்ந்த பிறகு ஒருவருக்கும் நாக்கு பழையபடி திரும்பவில்லை. அப்படியே பலகையும் வைத்துவிட்டார்கள்.

மூங்கில் நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தோளில் சுமந்து படியேறுவது எங்கள் பிழைப்பு. போரில் செத்த சொந்தத்தைத் தேடி யாராவது வந்தால், நாற்காலியைத் தூக்குமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். பொய்க்கு முன்னால் செத்தாரா, பின்னால் செத்தாரா? முன்னால் என்றால் பழைய பெயர், அதனால் பலகைக்கு எதிர்மலை. பின்னால் என்றால் பலகை சொல்லும் மலை. இது தெரியாதவன் எங்கள் ஊரில் தோளில் கழியே வைக்கக் கூடாது.

ஆறு வருடம் முன்பு குவாங் டீச்சர் முதல்முறை வந்தபோது நான் அதைக் கேட்கவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. அப்பாவைச் சேவல் மலையில் புதைத்தார்களாம் என்றார். பலகையில் சேவல் என்று போட்டிருக்கும் மலைக்கு நானூறு படி. மற்றதற்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். டீச்சர் ஒல்லியான உடம்புக்காரரும் அல்ல.

இரண்டு மலையிலும் பெயரில்லாத கல் ஒவ்வொன்று இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கல்லறை துடைக்கும் நாளில் டீச்சர் வந்துவிடுவார். குட்டை மலையின் கல்லுக்கு முன்னால் எள்ளுமிட்டாய் வைத்து, பன்னிரண்டு மாத அழுகையையும் சேர்த்து அழுவார். நானும் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வேன். வெட்கம் கெட்டவன்தான் நான்.

இந்த வருடம் அவருக்கு முழங்கால் போய்விட்டது. இதுதான் கடைசி, இனிமேல் மலைப்பக்கமே போகக் கூடாது என்று மகன் சொல்லி அனுப்பியிருக்கிறான். அதனால் அப்பாவின் படைத் தோழர் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை, கல்லுக்கு முன்னால் எரித்துவிட எடுத்து வந்திருந்தார். இருநூறாவது படியில் அதைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். பீச் பூ உதிர்ந்துகொண்டிருந்த நாளில் உங்கள் கணவரைச் சேவல் மலையில் அடக்கம் செய்தோம்.

எங்கள் மலையில் சண்டை நடந்தது அந்த ஒரு வருடம்தான். பீச் பூ உதிர்வது மூன்றாம் மாதம். படகுத் திருநாள் ஐந்தாம் மாதம். எனக்குக் கால் நின்றுவிட்டது.

முன்னால் போன என் மச்சான் தெங்குக்கும் காது உண்டு. பின்னால் வருபவனுக்குப் பாதை தெரியாது என்பதால் முன்னால் போகிறவன் குரல் கொடுப்பதும், மற்றவன் பதில் கொடுப்பதும் எங்கள் வழக்கம்.

"முன்னாடி பள்ளம்," என்றான் தெங்.

பள்ளமே இல்லை. வாயை மூடு என்று அர்த்தம்.

"விழுந்தாச்சு," என்றேன்.

நாற்காலியை இறக்கி எல்லாவற்றையும் சொன்னேன், படிக்கணக்கு உட்பட. டீச்சர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு பேசினார். நாற்பது வருடம் பிள்ளைகளைத் திட்டிப் பழகிய வாய் அது. என்னைத் திட்டி முடித்து, என்னைப் பெற்றவர்களையும் முடித்து, தெங்குக்கும் அதில் பங்கு கொடுத்தார்.

"அப்போ ஆறு வருஷமா நான் யாருக்குடா அழுதேன்?"

அந்தக் கல்லில் பெயர் இல்லையே என்றேன்.

"தூக்கு. அந்த மலைக்குப் போ."

இறங்கி, ஆயிரத்துத் தொள்ளாயிரம் படியும் ஏறினோம். வழி நெடுக தெங் பள்ளம் மேடு எதுவும் சொல்லவில்லை. என் பெயரை மட்டும், முன்னால் ஏதாவது ஒட்டவைத்து, சொல்லிக்கொண்டே வந்தான். உச்சியைத் தொட்டபோது மத்தியானம்.

அங்கே கல்லுக்கு முன்னால் ஒரு கிழவர் குந்தியிருந்து சோளச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார். பெயர் ஓயாங், ஆற்றுக்கு அக்கரை ஊர். அண்ணனை ஆமை மலையில் புதைத்ததாக வீட்டுக்குத் தகவல் வந்ததாம். பலகையைப் பார்த்து ஏறி வருகிறாராம், ஒன்பது வருடமாக. தெங் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டான். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. விளக்கிச் சொன்ன பிறகு, அண்ணன் செத்ததும் அதே பீச் பூ நாள் சண்டையில்தான் என்றார். அப்படியானால் அவர் அண்ணன் படுத்திருப்பது கீழே, குட்டை மலையில், டீச்சர் ஆறு வருடம் அழுத கல்லுக்கு அடியில்.

டீச்சருக்குச் சாராய நெடி மூக்கில் ஏறியது. அப்பாவுக்கு அந்த வாசனை பட்டாலே உடம்பெல்லாம் தடித்துப் போகும் என்று அம்மா சொல்வாராம். என் அண்ணனுக்கு நீங்கள் என்ன வைத்தீர்கள் என்று கிழவர் பதிலுக்குக் கேட்டார். எள்ளுமிட்டாய் என்றதும் அவர் முகம் சுருங்கியது. அண்ணன் இனிப்பைக் கையால் தொடமாட்டானாம். இருவரும் முறைத்த முறைப்பில் நானும் தெங்கும் இரண்டு படி கீழே இறங்கி நின்றோம்.

கிழவர்தான் முதலில் தணிந்தார். தங்கள் வீட்டு ஆண்களுக்கு அழ வராது, சாராயத்தை ஊற்றிவிட்டுப் போய்விடுவேன் என்றார்.

"நீங்க அங்க அழுதீங்களா?"

"அழுதேன்."

"சத்தமாவா?"

கீழே கடைத்தெரு வரைக்கும் கேட்கும் என்று நான் சாட்சி சொன்னேன். கிழவர் திரும்பி நின்று வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

டீச்சர் கடிதத்தை எரித்தார். அது சாம்பலாகும் வரை கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாகிட்ட பேசுவீங்களா?"

"பேசாம? மக கல்யாணம், எருமை செத்தது, எனக்குக் கண் ஆபரேஷன் பண்ணது, எல்லாம் சொல்லியிருக்கேன்."

"என்னன்னு கூப்பிடுவீங்க?"

"அண்ணான்னுதான்."

இந்தத் தடவை டீச்சருக்குச் சத்தம் வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. என்னைத் திட்டிய அதே வாய், முதல் நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை மாதிரி மெதுவாகப் பேசியது.

"அப்போ நீங்க எனக்குச் சித்தப்பா."

கிழவர் சாராயப் பாட்டிலை இறுக்கி மூடினார். டீச்சரின் முழங்காலைப் பார்த்துவிட்டு, அவர் எழுந்திருக்கக் கை நீட்டினார்.

"எந்திரிம்மா. கீழ உன் பெரியப்பா இருக்கான். நீ அழுத அழுகையெல்லாம் கேட்டிருக்கான், நான்தான் அவனை இன்னும் பாக்கல. வா, என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு."