மீன் எந்தப் பக்கம் பார்த்து வருகிறது

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்றைய பதிவேட்டில் ஒரு தவறு செய்திருக்கிறேன். இரண்டே சொல்தான்: "வலது சுவர்". அதை நம்பி இன்று காலை ஆறு பேர் நான்கு மணி நேரம் பாசியில் ஊர்ந்தார்கள்.

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதை எப்போது நினைத்தேன் என்பதே நாளைக்கு மறந்துவிடும்.

கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகள் டர்பைனுக்குள் விழாதபடி எங்கள் அணையில் சல்லடைத் தட்டிகள் உண்டு. அவை குஞ்சுகளை ஓர் இரும்பு வாய்க்காலுக்குத் திருப்பிவிடும். நீளம் இருநூறு மீட்டர். அதன் கடைசியில் என் மேசை. தினமும் நூறு குஞ்சுகளை மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டு, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, செதில் உரிந்தவற்றை எண்ண வேண்டும். மயக்கம் தெளிந்ததும் ஆற்றில் விட்டுவிடுவேன். வழக்கமாக நூற்றுக்கு இரண்டு, மூன்று உரிந்திருக்கும். நேற்று பதினேழு. அதில் பதினாறுக்கு வலது விலாவில் மட்டும்.

செதில் போன குஞ்சு கொலம்பியா ஆறு முழுவதையும் நீந்திக் கடந்தாலும் உப்புத் தண்ணீரைத் தாங்காது.

வியாழன் மாலை, ஆற்றின் மேல்பக்கத்தில் யாக்கமா பழங்குடி மக்களின் மீன்பண்ணையில் அர்லீன் மதகைத் திறப்பதாக ஏற்பாடு. ஒரு லட்சத்து எண்பதாயிரம் குஞ்சுகள். ஒருமுறை தள்ளிவைத்தாகிவிட்டது. அவற்றுக்கு வெள்ளி நிறம் ஏறிவிட்டது, கடலுக்குத் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். இனியும் தொட்டியில் அடைத்து வைத்தால் கடலுக்குப் போகும் வேகமே அடங்கிவிடும். திறந்தால் இரண்டே நாளில் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்.

அதனால்தான் நேற்று அவசரமாக எழுதினேன்: வலது விலா உரிகிறது, வலது சுவரைப் பார்க்கவும். காலையில் வாய்க்காலை வடித்தார்கள். ஃபோர்மேன் வெர்லும் அவருடைய ஆட்களும் வலது சுவரின் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

"என் வீட்டுக் குளியல் தொட்டிகூட இவ்வளவு வழவழன்னு இல்ல," என்றார் வெர்ல், பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே. "உன் மீனுங்க வர்ற வழியில ஏதாவது பார்ல அடிதடி பண்ணிட்டு வந்திருக்கும் டெசா."

மதியம் மறுபடி தண்ணீர் விட்டார்கள். நான் வாய்க்கால் மேலுள்ள நடைபாதையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன். குஞ்சுகள் வந்தன. வால் முன்னே, தலை பின்னே.

சால்மன் குஞ்சு நீரோட்டத்துக்கு முகம் கொடுத்தபடிதான் கீழே இறங்கும், ரிவர்ஸ் கியரில் வரும் வண்டி மாதிரி. இந்த ஆற்றில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். மாலை வகுப்புத் தேர்வில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண். ஆனால் கரையோ சுவரோ, தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றுதான் நாங்கள் வலது, இடது என்போம். மீன் எங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து வருகிறது. அதன் வலது விலா உரசுவது எங்கள் இடது சுவரில்.

பாதி சாண்ட்விச்சை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன்.

"வெர்ல், தப்பு என்னோடது. இடது சுவரைப் பாத்திருக்கணும்."

"ஆறு பேரு நனைஞ்ச அப்புறம் சொல்றியா?"

"மீன் வாலை முன்னாடி விட்டுத்தானே வருது?"

"அதை எனக்கே சொல்றியா? பத்தொன்பது வருஷமா பாக்கறேன், அது வாலை..." வாய் திறந்தபடியே நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றித் தன் தொடையில் ஓங்கி அடித்தார். "சே! நானும்ல மண்டையை ஆட்டிட்டு இறங்கினேன்! நாளைக்கு இடது சுவரும் இல்லேன்னா அடுத்து கூரையைப் பாக்கச் சொல்லுவியா?"

"வாய்க்காலுக்குக் கூரை கிடையாது."

"உன்னை நம்பினா அதையும் கட்டச் சொல்லுவே."

மேலதிகாரி டோரன்ஸ் நாளைக் காலை இரண்டு மணி நேரம் மட்டும் வடிக்கச் சம்மதித்தார். இருநூறு மீட்டரைத் தடவ அது போதாது. இன்னொரு முறை வெறும் ஊகத்தோடு வெர்லை இறக்கவும் எனக்கு மனமில்லை. அதனால் காயமில்லாத இருபது குஞ்சுகளைத் துடுப்பு நுனியில் அடையாளம் செய்து, வாய்க்கால் நடுவில் திரும்பும் வளைவுக்குக் கீழே விட்டேன். இருபதும் என் மேசைக்கு வந்தன. ஒன்றில்கூட உரசல் இல்லை. ஆக, கோளாறு வளைவுக்கு மேலே. தொண்ணூறு மீட்டர், ஒரே சுவர். இரண்டு மணி நேரத்தில் முடியும்.

அர்லீனுக்கு போன் செய்தேன்.

"திறக்கவா, வேணாமா? அதை மட்டும் சொல்லு பொண்ணே."

"நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்."

"சீக்கிரம் சொல்லு. இங்க அதுங்க குதிக்கிறதைப் பாத்தா எங்கிட்ட அனுமதி கேக்கற மாதிரி தெரியல."

ஏப்ரல் 23, புதன்

எட்டு மணிக்கு வடித்தார்கள். இந்த முறை நானும் இறங்கினேன். வெர்ல் முழங்கால் உயரத்தைத் தடவினார், நான் இடுப்பு உயரத்தை. ஐம்பது மீட்டர் வரை ஒன்றுமில்லை. அறுபதிலும் இல்லை. வெர்ல் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. என் கணக்கை மனதுக்குள் இன்னொரு முறை போட்டேன். மீன் மேலே பார்க்கிறது, நாங்கள் கீழே பார்க்கிறோம். சரிதான்.

எழுபத்தோராம் மீட்டரில் வெர்ல் நின்றார். "கையுறையைக் கழட்டிட்டு இங்க தொடு."

இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு நகத்தின் கனத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. குளிர்காலத்துப் பனிக்கட்டி நெம்பியிருக்கலாம் என்றார் வெர்ல். டார்ச் அடித்தேன். விளிம்பு முழுக்கச் செதில்கள் ஜிகினா போல ஒட்டி மின்னின.

"பாத்தியா, உன் பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க," என்றார்.

தட்டி மட்டமாக்கி, பற்றவைத்து, தேய்த்து முடிக்க முப்பத்தைந்து நிமிடம். கன்னத்தை வைத்துப் பார்த்தாலும் கீறாது. பத்து மணி ஆவதற்கு ஐந்து நிமிடம் முன்பே தண்ணீர் விட்டோம்.

பிற்பகலில் நூறு குஞ்சு. உரிந்தவை இரண்டு: ஒன்று இடது விலா, ஒன்று வலது. எண்ணியதை நம்பாமல் இன்னொரு நூறு எடுத்தேன். அதில் மூன்று.

"திறங்க அர்லீன்."

"உறுதியா?"

"உறுதி. இருநூறு மீனைப் புரட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"அப்ப நாளைக்கு நாலு மணிக்கு. என் பிள்ளைங்க பின்பக்கத்தைக் காட்டிட்டு வருவாங்க, கோவிச்சுக்காதே," என்று சிரித்துவிட்டு போனை வைத்தார்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் திங்கட்கிழமைப் பதிவைத் திருத்தினேன். அழிக்கவில்லை. "வலது விலா" என்பது நான் கண்ணால் பார்த்தது, அப்படியே இருக்கிறது. "வலது சுவர்" நான் நினைத்துக்கொண்டது; அதன் மேல் ஒரே கோடு, பக்கத்தில் தேதியும் என் கையொப்பமும்.

நாளை: காலை ஆறு மணிக்கு நூறு குஞ்சு, இரண்டு பக்கமும். வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு மயக்கத் தொட்டியைக் கழுவித் தயாராக்க வேண்டும்.