துணிச் சுவர்

செந்தில்வேல் அன்று சொன்னது ‘உனக்கு டைமிங் பத்தாது’ என்பதா, ‘உனக்கு டைமிங்கே இல்லை’ என்பதா, எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டி நானே அதைக் கூராக்கியிருக்கலாம். ஆனால் எங்கள் முதல் ஆல்பம் வெளிவந்தபோது நான் வாசித்த டிரம்ஸ் ஒரு அடிகூட அதில் இல்லை. கம்ப்யூட்டரில் செய்த அடிதான் இருந்தது. அதில் நினைவுப் பிழை கிடையாது. இன்றும் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் மெட்டல் பேண்டின் பெயர் சாயக்கழிவு. செந்தில்வேல் கிட்டார். அருள்செல்வன் பாட்டும் பேஸ் கிட்டாரும். பெருமாநல்லூரில் செந்தில்வேலின் அப்பா நடத்தும் நிட்டிங் கம்பெனியில் நான் துணி குடோனைப் பார்த்துக்கொண்டேன். மெஷின் ஓடாத ஞாயிறுகளில் அந்த குடோன்தான் ஸ்டூடியோ.

தகரக் கூரை, தகரச் சுவர். டிரம்ஸ் அடித்தால் அண்டாவுக்குள் அடித்தது போல ரீங்கரிக்கும். அதனால் சாயத்துக்குப் போகவிருந்த வெள்ளைத் துணி ரோல்களைச் சுற்றிலும் மூன்று வரிசையாக அடுக்கிச் சுவர் எழுப்பினேன். கனத்த துணி சத்தத்தைக் குடித்துவிடும். முதல் ஆல்பம் முடியும்வரை அந்த ரோல்களைத் தொடவிடாமல், சாயப்பட்டறைக்கு வேறு ரோல்களை அனுப்பிச் சமாளித்தேன். செந்தில்வேலுக்கு இது தெரியாது. அடுக்கிய சுவர் தானாகவே கலையாமல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது ஆல்பத்துக்குச் செந்தில்வேல் கோயம்புத்தூரிலிருந்து அந்தோணிராஜ் என்ற டிரம்மரை அழைத்து வந்தான்.

“பழைய மாதிரியே அடுக்கிருடா மோகனு. அந்த வேலைக்கு உன்னைய அடிச்சுக்க ஆளில்ல.”

அருள்செல்வன் சிரித்தான். நான் அடுக்கினேன். முதல் ஞாயிறு பாதிப் பாட்டுகள் பதிவாயின. அந்தோணிராஜ் நன்றாகவே வாசித்தார். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் சாயப்பட்டறை வண்டி வந்தது. இந்த முறை நான் எதையும் மறித்து வைக்கவில்லை. பின்னால் இருந்த இரண்டு வரிசைகளையும் ஏற்றி அனுப்பினேன். முன்வரிசை மட்டும் நின்றது. பார்வைக்கு அதே வெள்ளைச் சுவர். சம்பளம் வாங்கும் வேலையைத்தான் செய்தேன் என்ற நினைப்பில் அன்று மதியச் சோறு ருசித்தது.

அடுத்த ஞாயிறு எந்த அடியும் போன வாரத்தோடு ஒட்டவில்லை. ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் தகரம் முனகியது. செந்தில்வேல் மைக்கை நகர்த்தினான், டிரம்ஸுக்குத் தோல் மாற்றினான், திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னான். ரூம் சத்தம் மாறியிருக்கிறது என்று அந்தோணிராஜ் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார்.

“ரூம் அதேதானுங்க. போன வாரத்துக் கை எங்கீங்க போச்சு?” என்றான் செந்தில்வேல்.

அந்தோணிராஜ் சிம்பல் தட்டுகளைக் கழற்றிப் பையில் வைத்தார். வாசலில் என் பக்கத்தில் நின்றார்.

“நீங்களும் வாசிக்கிறவருன்னு சொன்னாங்க. நான் தப்பா அடிச்சனுங்களா?”

சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்று தலையாட்டினேன். அவர் பஸ் ஏறப் போனார்.

நான் குடோனுக்குள் திரும்பினேன். பிறகு செந்தில்வேல் என்னைப் பார்த்தான்.

“மோகனு, நீ உக்காரு. மொத பாட்டுல இருந்து நீயே அடி. உன் பேரப் போட்டுக்கலாம்.”

அந்த ஆல்பத்தில் என் பெயர். நான் கேட்க ஏங்கிய சொல் அதுதான். அவன் முகத்தில் கெஞ்சல் இருந்தது. அதையும் நின்று பார்த்துக்கொண்டேன்.

“நாளைக்கு முன்வரிசையும் லோடு ஏறுதுடா,” என்றேன்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு எழுந்துபோய் ஒரு ரோலை இழுத்தான். பின்னால் வெறும் தகரம். அதைக் கையால் தொட்டபடி நின்றவன், திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை.

ஆல்பம் வரவில்லை. செந்தில்வேல் இப்போது கம்பெனியை மட்டும் பார்க்கிறான். அருள்செல்வன் காங்கேயத்தில் எண்ணெய் மில் மேனேஜர். அந்தோணிராஜ் கல்யாணக் கச்சேரிகளில் வாசிப்பதாகக் கேள்வி. நான் அவிநாசி ரோட்டில் வேறொரு கம்பெனிக்கு மாறிவிட்டேன். டிரம்ஸ் வாசிப்பதில்லை.